ஊதிப் பிடித்த காய்

1

போன செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமைப் பின்னேரம் ரிஸானா ஒரு தக்காளிப்பழத்தை வெட்டினாள். வெட்டியவள் கத்தியை அப்படியே வைத்துவிட்டு, "மச்சான், இஞ்ச கொஞ்சம் ஓடி வாங்க" என்று கூப்பிட்டாள். குரலில் பயம் இருந்தது. விரலை வெட்டிக்கொண்டாளோ என்று ஓடிப்போனேன்.

விரலுக்கு ஒன்றுமில்லை. பழத்துக்குள்தான் விசயம். வெளியே பார்த்தால் கடையில் வாங்கிய வழுவழுப்பான சிவந்த பழம். உள்ளே விதைகளெல்லாம் முளைத்திருந்தன. சதைக்குள் வெள்ளை வேர்கள் சுருண்டு கிடந்தன. இரண்டு மூன்று முளைகளில் பச்சைக் கொழுந்துகூட வந்துவிட்டது. மூடியிருந்த பழத்துக்குள் வெளிச்சமும் இல்லை, மண்ணும் இல்லை. யார் இவற்றை எழுப்பினார்கள் என்று இரண்டு பேரும் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றோம். எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஆனாலும் ஆண்பிள்ளை இல்லையா, அதைக் காட்டிக்கொள்ளவில்லை.

"பழுதாப் போயிட்டு. குப்பையில போடு புள்ள" என்றேன்.

"முளைச்சதப் போய் குப்பையில போடுறதா? உசிரெல்லோ மச்சான்?"

அன்றைக்குப் புளியாணத்துக்குத் தக்காளி போடவில்லை. வெறும் பழப்புளியைக் கரைத்து ஊற்றிச் சமாளித்தாள். முளைகள் எல்லாம் ஒரு பழைய ஐஸ்கிறீம் டப்பாவுக்குக் குடிபோயின. மண்ணைக் கடையில் பையிலே கட்டி விற்கிறார்கள் என்று நான் சொன்னதும், "மண்ணுமா விக்கிறாங்க?" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். வரிப்பத்தான்சேனையில் அவளுடைய வாப்பாவுக்கு வயல் இருக்கிறது. வீட்டுப் படியில் சேறு மிதித்து வளர்ந்த பிள்ளைக்கு அது பெரிய செய்திதான்.

2

ரிஸானா என் மனைவி. சாய்ந்தமருதுக்காரி. நான் கல்முனைக்குடி. இப்போது நாங்கள் இருப்பது நோர்வேயின் வட கோடியில், கடலோரத்து ஒரு சிறு நகரத்தில். நான் இங்கே பஸ் ஓட்டுகிறேன். ரிஸானா வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவள் வந்திறங்கிய மே மாதத்தில் சூரியன் மறையவே இல்லை. "இந்த ஊருல மஃரிப் எப்பதான் வரும்?" என்று முதல் நாளே கேட்டாள். சூரியன் மறைந்ததும் தொழுகிற தொழுகை அது. வேறொரு நகரத்தின் நேர அட்டவணையைப் பார்த்துத்தான் தொழுகிறோம் என்றேன். நம்பாமல் ஜன்னலைப் பார்த்தாள்.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு எங்கள் பக்கத்து வழக்கத்தைச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கல்முனைக் கரையில் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறான். வீடு பெண்ணுடையது. உம்மா மகளுக்குக் கொடுப்பாள், மகள் தன் மகளுக்குக் கொடுப்பாள். ஆண்பிள்ளையை வளர்ப்பதே ஒருநாள் இன்னொரு வீட்டுக்கு அனுப்புவதற்காகத்தான்.

இதை விசா நேர்முகத்தில் விளங்கப்படுத்தப் போய் நான் பட்ட பாடு இருக்கிறதே! கலியாணம் முடிந்து எந்த வீட்டில் இருந்தீர்கள் என்று அதிகாரி கேட்டார். மனைவியின் வீட்டில் என்றேன். ஏன் உங்கள் வீட்டில் இருக்கவில்லை என்றார். "எனக்கு வீடு இல்லை, நான் ஆம்பிளை" என்று பதில் சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு நீண்ட நேரம் எதையோ தட்டச்சு செய்தார். விசா வருவதற்கு அத்தனை காலம் எடுத்ததற்கு அந்தப் பதிலும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஆனால் அந்த அதிகாரி கேட்காத ஒன்றை நானும் யோசிக்கவில்லை. ரிஸானாவின் உம்மா, உம்மாவின் உம்மா, அதற்கும் முந்தினவர்கள் எல்லாரும் தங்கள் வீட்டில் இருந்தே வாழ்ந்தவர்கள். புருசனுடைய வீட்டுக்குக் குடிவந்த முதல் பெண் இவள்தான். சட்டி எடுப்பதென்றாலும் என்னைக் கேட்டாள். "இந்த அலுமாரியத் தொறக்கவா?" "இந்தக் கதிரைய அங்கால தள்ளவா?" நான் எல்லாவற்றுக்கும் "ஓம் ஓம்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் மரியாதைக்குக் கேட்கிறாள் என்று நினைத்தேன். கலியாணம் முடிந்து அவளுடைய வீட்டில் இருந்த ஒரு மாதமும், தண்ணீர் குடிக்கிற கோப்பை எங்கே இருக்கிறதென்று கேட்க வெட்கப்பட்டுத் தாகத்தோடு இருந்தவன் நான். விருந்தாளியாக இருப்பது எனக்குத் தெரியும். ஒருவரை வீட்டுக்காரியாக்குவது எப்படியென்று எனக்கு யார் சொல்லித் தந்தார்கள்?

செப்டம்பர் முடிவதற்குள் அவள் டிக்கட் எடுத்துவிட்டாள். "நோன்பு புடிக்க ஊருக்குப் போறன் மச்சான்" என்றாள். போகும் டிக்கட் மட்டும்தான்.

"வாறது?"

"மறுகா பாப்பம்."

அவளுடைய உம்மாவும் போனில் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தா. "ஒன்ட ஊட்டப் பூட்டி வெச்சா பாழாப் போயிடும் மகள். வெளக்குப் போடுறதுக்காவது வந்துட்டுப் போ." வந்துட்டுப் போ என்பது சும்மா சொல்லும் வார்த்தை என்று மூன்று பேருக்கும் தெரியும். போனால் ரிஸானா திரும்ப மாட்டாள். அவளைத் தடுக்க எனக்கு வாயும் இல்லை, நியாயமும் இல்லை.

3

டப்பாவில் வைத்த முளைகளில் நாலைந்துதான் தப்பின. அதிலும் ஒன்று மட்டும் மற்றவற்றைத் தள்ளிக்கொண்டு வளர்ந்தது. அதை ஒரு வாளிக்கு மாற்றி வெளிவாசல் பக்கத்து ஜன்னலில் வைத்தாள். ஒக்டோபரில் வெயில் படுத்துவிட்டது. நவம்பர் கடைசியில் சூரியன் மலைக்கு அந்தப் பக்கம் போய்விடும், பிறகு ஜனவரி வரை முகம் காட்டாது. நடுப்பகலில் ஒரு நீல வெளிச்சம் வந்து போகும். அவ்வளவுதான் பகல்.

செடிகளுக்கென்று விற்கிற விளக்கு ஒன்று வாங்கி வந்தேன். அதைப் போட்டால் அறை முழுக்க கத்தரிப்பூ நிறம். சுபஹு தொழுதுவிட்டு அதைப் போடுவாள், இஷாவுக்குப் பிறகு நிறுத்துவாள். அந்த வீட்டில் விடிவதும் பொழுதுபடுவதும் அவளுடைய கையில் இருந்த சுவிட்சால்தான் நடந்தது. "ஒரு மரக்கறிக் கொடிக்குச் சூரியன நான் போட்டு நூத்துறன், யா அல்லாஹ்" என்று ஒருநாள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

நான் இருட்டில் வேலைக்குப் போய் இருட்டில் வருகிறவன். கதவைத் திறந்ததும் முகத்தில் அடிப்பது அந்த இலையின் வாசம். தக்காளி இலையைத் தொட்டிருக்கிறீர்களா? விரலில் ஒரு பச்சைக் காரம் ஒட்டிக்கொள்ளும், சோப்புப் போட்டாலும் சட்டென்று போகாது. வெளியே பனி, காற்றில் எந்த வாசமும் இல்லாத ஊர். உள்ளே ஈர மண்ணும் இலையும் மணக்கின்றன. அந்தச் செடியின் தண்டு முழுக்கப் பொடி மயிர்கள், விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். ஊரில் சந்தையில் கூடை கூடையாகத் தக்காளியைத் திரும்பிப் பாராமல் கடந்து போனவன் நான். ஒரு தண்டைப் பார்த்து அதிசயப்பட இவ்வளவு தூரம் வர வேண்டியிருந்தது.

ரிஸானா அந்தச் செடிக்கு என்னிடம் எதுவும் கேட்கவில்லை. எங்கே வைக்கலாம், எப்போது தண்ணீர் ஊற்றலாம் என்று கேட்கவேயில்லை. அந்த வீட்டில் அவள் கேட்காமல் செய்த முதல் வேலை அதுதான்.

4

நவம்பர் நடுவில் பூத்தது. சின்ன மஞ்சள் பூக்கள், தலையைக் குனிந்துகொண்டு கொத்துக் கொத்தாக.

அன்றைக்கே அவள் ஜன்னலுக்கு ஒரு திரைச்சீலை தைத்தாள். இந்த ஊர்க்காரர்கள் ஜன்னலுக்குத் திரை போடுவதில்லை. போகிற வருகிறவர்கள் எல்லாரும் உள்ளே பார்க்கலாம். பூக்கிற நேரத்தில் அது ஆகாது. எங்கள் பக்கத்தில் நெல் பூக்கும் பருவத்தில் வயல் வட்டைக்குள் யாரும் காலடி வைக்க மாட்டார்கள். வரப்பில் நின்று சத்தமாகக் கதைக்கவும் மாட்டார்கள். பிஞ்சைச் சுட்டுவிரலால் காட்டக் கூடாது, காட்டினால் அழுகிவிடும். காட்டியே ஆக வேண்டுமென்றால் விரலை மடக்கித்தான் காட்ட வேண்டும். ரிஸானா இதையெல்லாம் எழுத்துக்கு எழுத்து நடத்தினாள். செடியைச் சுற்றி ஒரு முழத்துக்குள் நான் போகக் கூடாது. தும்மல் வந்தால் அடுக்களைக்குப் போக வேண்டும். தண்ணீரைக்கூட வாளியின் ஓரத்தில் பூனை நடக்கிற மாதிரி ஊற்றினாள். ஒரு இலை அசையவில்லை.

அந்த நேரம் பார்த்து வீட்டுச் சொந்தக்காரர் வந்தார். ஊலாவ் என்று பெயர், நல்ல மனுசன், எட்டடி உயரம் இருப்பார் என்று ரிஸானா சத்தியம் செய்வாள். திரைக்குப் பின்னால் காலையிலிருந்து இரவு வரை கத்தரிப்பூ வெளிச்சம் எரிவதைப் பார்த்து யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். இங்கே அப்படி வெளிச்சம் போட்டு பொலிஸ் பிடிக்கிற வேறு சில செடிகளும் வளர்ப்பார்களாம். அவர் வெட்கப்பட்டுக்கொண்டே, ஒருமுறை பார்க்கலாமா என்று கேட்டார். ரிஸானா திரையை விலக்கினாள்.

"தொமாத்!" என்று கத்திவிட்டார் மனுசன். அப்படியொரு சந்தோசம். கையை நீட்டி, சுட்டுவிரலால் ஒவ்வொரு பூவாகக் காட்டி, அழகு அழகு என்று சொன்னார். ரிஸானாவின் முகத்தில் இரத்தம் இல்லை. ஊரில் என்றால் காட்டியவனை உடனே விரலைக் கடிக்கச் சொல்வோம். வாடகை வாங்குகிறவரிடம் உங்கள் விரலைக் கடியுங்கள் என்று சொல்லுமளவுக்கு என் நோர்வேஜிய மொழி இன்னும் வளரவில்லை.

அடுத்த கிழமை பூக்கள் விழத் தொடங்கின. காம்பின் நடுவில் ஒரு முட்டு இருக்கும், அது மஞ்சளாகும், அந்த இடத்தில் பூ கழன்று விழும். முதல் கொத்து முழுக்கப் போனது. இரண்டாம் கொத்தும் போனது. ரிஸானா விழுந்த பூக்களைப் பொறுக்கி ஒரு சின்னப் பீங்கானில் போட்டாள். சொந்தக்காரரைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அதுவும் இல்லை. போனில் உம்மாவோடும் கதை குறைந்துவிட்டது. வெளியே சூரியனும் போய்விட்டது.

ஒருநாள் சாப்பாட்டு மேசையில் சொன்னாள்: "பூக்குது மச்சான், புடிக்குதில்ல. நானும் அப்பிடித்தான். என்னக் கோவிக்காதீங்க. எனக்கு இஞ்ச புடிக்குதில்ல."

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். போகாதே என்று சொல்லியிருக்கலாம். யாருடைய வீட்டில் இருந்துகொண்டு அப்படிச் சொல்வது? எங்கள் ஊர் நியாயத்தின்படி எனக்கே இங்கே ஒரு வீடு இல்லை. நாங்கள் இரண்டு பேரும் இங்கே விருந்தாளிகள்தான். அந்த இரவுகளில் அவளை இழக்கப் போகிறேன் என்பது எனக்கு உறுதியாகிவிட்டது. அந்தப் பயத்தோடுதான் பஸ் ஓட்டினேன்.

5

பிறகு ஒருநாள் மஃரிப் தொழுதுவிட்டு எழும்பியவள், தொழுத உடுப்பைக் கழற்றாமல் நேராகச் செடியிடம் போனாள். திரையை ஒரு பக்கம் ஒதுக்கினாள். கண்ணூறுபட்ட பிள்ளைக்கு எங்கள் உம்மாமார் என்ன செய்வார்கள்? ஓதி ஊதுவார்கள். அதைத்தான் செய்தாள். கண்ணூறுக்கு ஓதுகிற சூராக்களை மூன்று முறை ஓதி, கன்னம் இரண்டும் உப்ப, மூன்றாம் கொத்துப் பூக்களில் ஊதினாள். வாளிக்குப் போட்டிருந்த குச்சியோடு சேர்ந்து செடி முழுக்க நடுங்கியது. விளக்கு வெளிச்சத்தில் ஒரு மெல்லிய மஞ்சள் தூள் எழும்பி மறைந்ததை நான் கண்டேன். கண்ணில் பூச்சி பறக்கிறது என்றுதான் நினைத்தேன்.

"நீங்களும் வந்து ஊதுங்க" என்றாள்.

"நான் பஸ்ஸில கண்ட கண்ட காத்தெல்லாம் குடிச்சிட்டு வாறவன்."

"ஓதித்தானே ஊதப் போறீங்க. காத்துக்கு ஒண்டும் ஆகாது."

இரண்டு பேரும் ஊதினோம். ஒரு கறிச் செடிக்கு முன்னால் தொழுகைப் பாயில் நின்றபடி கன்னத்தை உப்பிக்கொண்டு நின்ற எங்களை அந்த நேரம் யாரும் ஜன்னலால் பார்க்காதது நல்லதாகப் போயிற்று. ஒவ்வொரு மஃரிபுக்கும் இது நடந்தது. நம்பி ஊதினேன் என்று சொல்ல மாட்டேன். அவளோடு சேர்ந்து செய்ய ஒரு வேலை கிடைத்ததே என்றுதான் ஊதினேன்.

டிசம்பரில் ஒருநாள் வேலையில் இருக்கும்போது போனுக்கு ஒரு குரல் பதிவு வந்தது. பஸ்ஸைக் கடைசித் தரிப்பில் நிறுத்திவிட்டுக் கேட்டேன். குசுகுசுவென்ற குரல்: "மச்சான், ஆருக்கும் சொல்லாதீங்க. ஒரு பூ வாடிட்டு, விழல்ல. பின்னால பச்சையா ஒண்டு இரிக்கு. மிளகுட அளவு. சத்தமா வராதீங்க."

சத்தமாக வராதே என்றால் எப்படி வருவது? படியில் சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஏறினேன். குளிர்காலத் தரையில் முழந்தாளிட்டுப் பார்த்தேன். காய்ந்த பூவுக்குப் பின்னால், ஐந்து பச்சை இதழ்களுக்கு நடுவே, ஒரு உருண்டை. பளபளவென்று இருந்தது. வெளியே சூரியனே இல்லை, தேனீ இல்லை, தரை கல்லாக உறைந்து கிடக்கிறது. இந்த அறைக்குள் ஒரு காய் பிடித்திருக்கிறது. "மாஷா அல்லாஹ்" என்று சொல்ல வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. ரிஸானா என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அவளும் அழுதுகொண்டுதான் இருந்தாள்.

மறுநாள் தரிப்பில் நின்ற நேரம் போனில் தேடி வாசித்தேன். தக்காளிப் பூவுக்குள்ளேயே ஆணும் பெண்ணும் உண்டாம். பூ அசைந்தால் போதும், மகரந்தம் உதிர்ந்து காய் பிடிக்கும். வெளியே என்றால் காற்று அசைக்கும், வண்டு அசைக்கும். வீட்டுக்குள் வளர்க்கிறவர்கள் கையால் தட்டிவிட வேண்டுமாம். சொந்தக்காரரின் விரலில் ஒரு பிழையும் இல்லை. அவர் அந்தப் பூவை இரண்டு தட்டுத் தட்டியிருந்தால் அன்றைக்கே பிடித்திருக்கும். நெல் வயலில் எப்போதும் காற்று இருக்கிறது. அதனால் வரப்புக்கு வெளியே நின்றால் போதும். ஜன்னலுக்குள் காற்று இல்லை. அதைத்தான் நாங்கள் யோசிக்கவில்லை.

இதை அவளிடம் சொல்லலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். கடைசியில் சொல்லிவிட்டேன்.

"அப்ப நான்தான் மூடி மூடி வெச்சிப் பூவக் கெடுத்திரிக்கன்" என்றாள். நான் ஏதாவது ஆறுதல் சொல்வதற்குள் தலையை நிமிர்த்தினாள். "செரி. போனப் பாத்துத்தானே ஒங்களுக்குத் தெரிஞ்ச? அதுக்கு முதலே என்னய ஊதச் சொன்னது ஆரு?"

நான் போனைச் சட்டைப் பைக்குள் போட்டேன்.

அன்றைக்கே திரையைக் கழற்றி எடுத்துவிட்டாள். பனி கொட்டும் தெருவில் ஊலாவ் நாயோடு போனதைக் கண்டதும் ஜன்னலைத் தட்டிக் கூப்பிட்டாள். விரலை மடக்கிக்கொண்டு காயைக் காட்டினாள். அவர் அதை எங்கள் ஊர்ச் சலாம் என்று நினைத்து, தானும் விரலை மடக்கிக் காட்டிவிட்டுப் போனார். அதன் பிறகு தெருவில் என்னைக் கண்டாலும் விரலை மடக்கித்தான் காட்டுகிறார்.

6

அந்தக் கொத்தில் ஐந்தும் அடுத்ததில் மூன்றும் பிடித்தன. கடையில் வாங்கிய தாய்ப்பழத்தின் அளவு வரவில்லை, பெரிய நெல்லிக்காய் அளவுதான். பச்சை வெளுத்து, மஞ்சளாகி, ஒரு காலையில் சிவப்பின் முதல் சாயல் தெரிந்தது. நான் அந்த நிறத்தைப் பார்த்துப் பயந்தேன். பழுக்கும் நேரத்துக்கு டிக்கட்டின் நேரமும் வந்துவிடும். நோன்பு கிட்டி வந்தது. ரிஸானா டிக்கட்டைப் பற்றிக் கதைக்கவில்லை, நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே.

ஜனவரி கடைசியில் சூரியன் திரும்பி வருகிற நாளை இந்த ஊர் கொண்டாடும். பள்ளிப் பிள்ளைகளை மலைப் பக்கம் கூட்டிப்போவார்கள். அன்றைக்கென்று பணிஸ் என்ற வட்டமான இனிப்பு ரொட்டி செய்து எல்லாருக்கும் கொடுப்பார்கள். நடுப்பகலில் நான் பாலத்துக்குப் பக்கத்துத் தரிப்பில் பஸ்ஸை நிறுத்தியிருந்தேன். இரண்டு மலைகளுக்கு நடுவில் ஒரு பொன் ஓரம் எட்டிப் பார்த்தது. பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் எல்லாரும் எழும்பி நின்றார்கள். வெயில் சாரதி ஆசனம் வரை வந்து என் கையில் பட்டது. கொஞ்ச நேரம்தான், மறுபடி போய்விட்டது. ஊரில் ஒவ்வொரு நாளும் தலையில் கொளுத்திய வெயில்தான். அதைப் பார்த்து ஒருநாளாவது இப்படி எழும்பி நின்றிருக்கிறேனா?

பின்னேரம் டிப்போவில் தந்த பணிஸ் பையோடு வீட்டுப் படி ஏறினேன். கதவு திறந்தே இருந்தது. தக்காளி போட்ட புளியாணத்தின் வாசம் படி வரைக்கும் வந்தது. உள்ளே கால் வைக்கப் போனேன்.

"நில்லுங்க" என்றாள் ரிஸானா. "சப்பாத்தக் கழட்டுங்க. சொக்ஸையும்."

வாசலில் ஒரு பேசினும், சுடுதண்ணீர் ஜக்கும் இருந்தன. எனக்கு விளங்கச் சிறிது நேரம் எடுத்தது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை முதன்முதலில் பெண்ணின் வீட்டுக்கு வரும்போது, வாசலில் வைத்துப் பெண்ணின் தம்பி அவனுக்குக் கால் கழுவிவிடுவான். கழுவியவனுக்கு மாப்பிள்ளை மோதிரம் போட வேண்டும். அதன் பிறகுதான் வீட்டுக்குள் வரலாம்.

"தம்பிட்டக் கேட்டன். போன்லால எப்பிடி ராத்தா கால் கழுவுற எண்டு சிரிக்கான். அதான் நானே கழுவுறன்."

குளிரில் விறைத்துக் கிடந்த காலில் அவள் மெல்ல மெல்லத் தண்ணீரை ஊற்றினாள். கழுவி முடித்துவிட்டுக் கையை நீட்டினாள்.

"மோதிரம் எங்க?"

என்னிடம் மோதிரம் ஏது? பணிஸ் பையைக் கையில் வைத்தேன். அவள் பிரித்துப் பார்த்தாள், மணந்து பார்த்தாள். "செரி, இதுவும் வட்டம்தான்" என்று எடுத்துக்கொண்டாள்.

"டிக்கட் என்ன மாதிரி?" என்று கேட்டேன். அத்தனை மாதம் கேட்கப் பயந்த கேள்வி, ஈரக் காலோடு நின்றபடி தானாக வெளியே வந்துவிட்டது.

"மாத்திட்டன். பெருநாளைக்கு ரெண்டு பேருமாப் போயிட்டு வருவம். உம்மாட்டயும் சொல்லிட்டன், அந்த ஊட்டத் தங்கச்சிக்கு எழுதச் சொல்லி."

சொல்லிவிட்டு வாசலை விட்டு விலகி நின்றாள். "இது என்ட ஊடு. உள்ள வாங்க மச்சான்."

பிஸ்மி சொல்லி வலது காலை எடுத்து வைத்தேன். ஒன்பது வருடமாக நானே வாடகை கட்டி வந்த அந்த அறையின் நடுவில், எங்கே உட்காருவது என்று தெரியாமல், அவள் ஒரு கதிரையைக் காட்டும்வரை நின்றுகொண்டிருந்தேன்.